சுமாகோ என்னும் மலையூர்

ஜப்பான் என்னும் பெயரைக் கேட்ட அளவில், வானளாவும் மாளிகைகளும், காற்றினும் கடுகிச் செல்லும் இரயில் வண்டிகளும், இரவைப் பகலாக்கும் விளக்கொளியும், ஓயாது இயங்கும் தொழிற்சாலைகளுமே பலருடைய மனக்கண்முன் தோன்றும். அந்நாட்டின் பெருநகரங்களைப் பொறுத்த வரையில் அத்தோற்றம் பொய்யன்று. ஆயின், அந்நாட்டு நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு மலையும் மலைசார்ந்த இடமுமே ஆகும். அம்மலைகளின் மடிப்புகளில், ஆரவாரம் சிறிதும் இன்றி, அமைதியே உருவாய் விளங்கும் சிற்றூர்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று சுமாகோ. அது வரைபடத்தில் தேடிக் காணவேண்டிய சிறிய ஊர். ஆயினும், தன் பழமையைத் தானே காத்துக்கொண்ட பெருமையால், உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்களைத் தன்பால் ஈர்க்கும் ஊர்.

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் நடுப்பகுதியில், நாகானோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், கிசோ என்னும் ஆறு ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றை அறுத்துக்கொண்டு ஓடுகின்றது. அப்பள்ளத்தாக்கின் இருமருங்கும் ஓங்கிய மலைகள். மலைகள் எங்கும் அடர்ந்த ஊசியிலைக் காடுகள். இக்காடுகளின் இடையே, நாகிசோ என்னும் நகராட்சியின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது சுமாகோ. அதன் வரலாற்றை அறியவேண்டின், அதன் ஊடே செல்லும் சாலையின் வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். சாலை பிறந்ததனால் பிறந்தது அவ்வூர். சாலை மாறியதனால் நலிந்தது அவ்வூர். அச்சாலையின் நினைவைப் போற்றியதனால் மீண்டும் தழைத்தது அவ்வூர்.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொக்குகாவா இயேயாசு என்னும் பெருந்தலைவர் ஜப்பான் முழுவதையும் தம் ஆட்சிக்கீழ்க் கொணர்ந்தார். 1603ஆம் ஆண்டில் அவர் 'ஷோகுன்' என்னும் படைத்தலைமைப் பதவியை ஏற்றார். பேரரசர் கியோட்டோ நகரில் வாழ்ந்தார். நாட்டை ஆளும் அதிகாரமோ எடோ நகரில் இருந்த ஷோகுனிடம் இருந்தது. அவ்வெடோ நகரமே இந்நாளில் டோக்கியோ என வழங்குகின்றது. இவ்விரு நகரங்களையும் இணைத்தற்குப் பெருவழிகள் இரண்டு அமைந்தன. ஒன்று கடற்கரையை ஒட்டிச் சென்றது. மற்றொன்று மலைகளின் நடுவே சென்றது. மலைவழிச் சென்ற சாலை 'நாகசெண்டோ' எனப்பட்டது. நடுமலைப் பெருவழி என்பது அச்சொல்லின் பொருள். ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பெருவழியில் 69 சாவடியூர்கள் இருந்தன. எடோவிலிருந்து எண்ணிவரின் 42ஆவது சாவடியூர் சுமாகோ ஆகும்.

சாவடியூர் என்பது வெறும் தங்குமிடம் அன்று. அரசாங்கச் செய்திகளையும் சுமைகளையும் அடுத்த ஊர்வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு ஒவ்வொரு சாவடியூருக்கும் உண்டு. கிசோப் பள்ளத்தாக்கில் இருந்த 11 ஊர்களும், ஒவ்வொன்றும் 25 ஆட்களையும் 25 குதிரைகளையும் எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும் என்பது விதி. பெருமக்கள் தங்குதற்கென்று தலைமை விடுதி ஒன்றும், துணை விடுதி ஒன்றும் ஊர்தோறும் இருந்தன. எளிய மக்களுக்கு வேறு விடுதிகள் இருந்தன. 1843ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி, சுமாகோவில் இருந்த வீடுகள் 83. மக்கள் 418 பேர். பொதுமக்களுக்கான விடுதிகள் மட்டும் 31. மூன்று வீட்டுக்கு ஒரு வீடு விடுதியாய் இருந்தது எனின், அவ்வூர் வழிப்போக்கரை நம்பியே வாழ்ந்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

அச்சாலையிற் சென்றவர்கள் பலதிறத்தினர். நாட்டின் சிற்றரசர்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு எடோ நகரில் வந்து தங்குதல் வேண்டும் என்று 1635ஆம் ஆண்டில் ஷோகுன் ஆணையிட்டார். அவர்தம் மனைவியரும் பிள்ளைகளும் எக்காலமும் எடோவிலேயே பிணைபோல வைக்கப்பட்டனர். ஆகவே, வாளேந்திய வீரர்கள் முன்னும் பின்னும் செல்லச் சிற்றரசர்கள் பல்லக்கில் செல்லும் ஊர்வலம் அவ்வழியே அடிக்கடி நிகழ்ந்தது. பிணையாய் இருந்த பெண்டிர் மறைந்து வெளியேறாவண்ணமும், துப்பாக்கிகள் எடோவினுள் புகாவண்ணமும், கிசோ நாட்டில் ஃபுக்குஷிமா என்னும் இடத்தில் அமைந்த காவற்சாவடியில் கடுஞ்சோதனை நடந்தது. 1861ஆம் ஆண்டில், ஷோகுனை மணக்கும்பொருட்டுக் கியோட்டோவை விட்டுப் புறப்பட்ட அரசிளங்குமரி கஸுனோமியா, மாபெரும் பரிவாரத்துடன் இம்மலைவழியாகவே எடோ சென்றாள். அரசகுமரி முதல் காலணியும் தேய்ந்த யாத்திரிகன் ஈறாக, எல்லார்க்கும் இடம் தந்தது இப்பெருவழி.

இன்று சுமாகோவைக் காண விரும்புவோர் பலர், அதற்கு அடுத்த சாவடியூராகிய மாகோமேயிலிருந்து நடந்தே செல்கின்றனர். இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் நடந்து கடக்கலாம். மாகோமே ஒரு மலைச்சரிவின்மீது அமைந்த ஊர். கல் பாவிய அதன் தெரு செங்குத்தாக மேலேறுகின்றது. தெருவின் ஓரத்தில் நீர் சலசலத்து ஓடுகின்றது. மேட்டில் நின்று திரும்பி நோக்கின், 2191 மீட்டர் உயரமுள்ள ஏனா மலை நீலநிறத்துடன் நிமிர்ந்து நிற்பதைக் காணலாம்.

ஊரைக் கடந்ததும் வழி காட்டினுள் புகுகின்றது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். அதற்கப்பால் எல்லாம் இறக்கமே. வழியின் இருபுறமும் நெடுமரங்கள் தூண்கள்போல் நிற்கின்றன. வெயில் நுழைய அஞ்சும் அவ்விடத்தில் காலடி ஓசையும் பறவையின் குரலும் அன்றி வேறு ஒலி இல்லை. இடையிடையே கம்பத்தில் தொங்கும் மணிகளைக் காணலாம். அக்காட்டில் கரடிகள் உண்டு. மனிதர் வருதலை அவை முன்னரே அறிந்து விலகிச் செல்லவேண்டும் என்பதற்காகவே வழிநடப்போர் அம்மணிகளை அடித்துச் செல்கின்றனர். கரடியைக் கொல்வதற்குக் கருவி வைக்காமல், விலகுவதற்கு மணி வைத்த அறிவு போற்றத்தக்கது. வழியில் பழைய தேநீர்க் குடில் ஒன்று உண்டு. களைத்து வருவோர்க்குத் தேநீர் அளித்து உபசரித்தல் அங்கு வழக்கம். இன்னும் சிறிது தொலைவு செல்லின், ஆண் அருவி என்றும் பெண் அருவி என்றும் பெயர்பெற்ற இரண்டு அருவிகள் அருகருகே வீழ்கின்றன.

இக்காட்டு மரங்களைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். இங்கு வளரும் மரங்களுள் தலைசிறந்தது 'ஹினோக்கி' என்பது. அது நேராக உயர்ந்து வளர்வது; நறுமணம் உடையது; எளிதில் உளுக்காதது. ஜப்பானியரின் புகழ்பெற்ற வழிபாட்டிடமாகிய ஈசே ஆலயம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டப்படுகின்றது. அதற்குரிய மரங்களைத் தரும் பேறு கிசோக் காட்டுக்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டைகளும் நகரங்களும் பெருகியபோது இக்காடுகள் பெரிதும் வெட்டப்பட்டன. மலைகள் மொட்டையாகத் தொடங்கின. அதனைக் கண்ட ஓவாரி என்னும் சிற்றரசு, ஹினோக்கி முதலிய ஐவகை மரங்களை எவரும் வெட்டலாகாது என்று தடைவிதித்தது. 'மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று' என்பது அத்தடையின் கடுமையை உணர்த்த அப்பகுதியில் வழங்கிய பேச்சு. காடு பிழைத்தது, ஆனால் அக்காட்டின் நடுவே பிறந்து வாழ்ந்த எளிய மக்களோ, தம் வீட்டுக்கு வேண்டிய நல்ல மரத்தையும் வெட்டமுடியாமல் வருந்தினர்.

காட்டுவழி முடிந்து சுமாகோவினுள் நுழைவோர்க்குக் காலம் இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிட்டதோ என்னும் ஐயம் தோன்றும். தெருவின் இருபுறமும் மரத்தால் அமைந்த வீடுகள் தோளொடு தோள் நெருங்கி நிற்கின்றன. பல வீடுகளில் மேல்தளம் கீழ்த்தளத்தைவிடச் சற்றே தெருவை நோக்கி முன்வந்துள்ளது. சன்னல்களுக்கு மரச்சட்டங்களால் ஆன அழிகள் உள்ளன. சில கூரைகள் மரச்சில்லுகளால் வேயப்பெற்று, காற்று அவற்றைத் தூக்காவண்ணம் மேலே கற்கள் வைக்கப்பெற்றுள்ளன. தெருவின் ஓரிடத்தில் வழி செங்கோணமாக இருமுறை மடங்குகின்றது. பகைவர் ஒரே பாய்ச்சலில் ஊருக்குள் புகாமல் தடுத்தற்குப் பண்டை நாளில் அமைத்த மடக்கு அது. ஊர் முகப்பில் அரசாணைகளை எழுதி வைத்த பலகை மேடை ஒன்றும், அதனருகே நீராற் சுழலும் உருளை ஒன்றும் உள்ளன.

கண்ணுக்குத் தோன்றுவனவற்றினும் தோன்றாதனவே இத்தெருவின் அழகுக்குப் பெருங்காரணம். மின்கம்பங்கள் தெருவில் இல்லை. கம்பிகள் கண்ணிற் படாதவாறு மறைத்துக் கொண்டுசெல்லப்பட்டுள்ளன. பகற்பொழுதில் தெருவினுள் உந்துவண்டிகள் வருவதில்லை. பளபளக்கும் விளம்பரப் பலகைகள் இல்லை. மாலையில் பகற்பயணிகள் திரும்பிச் சென்றதும் ஊர் முழுவதும் மோனத்தில் ஆழ்கின்றது. காகிதக் கூடுகளினூடே மங்கலான விளக்கொளி தெருவில் படிகின்றது. ஓடும் நீரின் ஒலி மட்டும் விட்டுவிட்டுக் கேட்கின்றது.

விடுதிகளில் தங்குவோர் காலணியை வாயிலிலேயே கழற்றிவிட வேண்டும். அறைகளில் நாற்காலியும் கட்டிலும் இல்லை. கோரையால் முடைந்த தடித்த பாய்களே தரை முழுதும் பரப்பப்பட்டிருக்கும். உணவும் உறக்கமும் அவற்றின்மீதே. குளிப்போர் முதலில் வெளியே அமர்ந்து உடம்பைத் தூய்மை செய்துகொண்டு, பிறகே வெந்நீர்த் தொட்டியில் இறங்குதல் வேண்டும். ஒரே தொட்டி நீரைப் பலரும் பயன்படுத்துவர் ஆதலின், பிறர்க்கு இடையூறு செய்யாமை அங்கு முதல் ஒழுக்கம். மலையில் விளைந்த கீரையும், ஆற்றில் பிடித்த மீனும், சோறும் உணவாகும். சோற்றை மசித்துக் குச்சியில் பிடித்து, அக்ரூட்டும் எள்ளும் அரைத்துக் கலந்த சாந்தைத் தடவி, கரிநெருப்பில் சுட்டுத் தரும் 'கொஹேமொச்சி' என்னும் தின்பண்டம் அம்மலைநாட்டின் தனிச்சிறப்பு. இலையுதிர் காலத்தில் மலைகள் செம்மையும் பொன்மையும் பூணும்போது, 'காக்கி' என்னும் செந்நிறப் பழங்களைத் தோல் சீவிக் கயிற்றில் கோத்துத் தாழ்வாரத்தில் உலர்த்துவர்.

இவ்வூரின் வீடுகளுள் தலைசிறந்தது துணை விடுதியாய் விளங்கிய பெருமனை. அஃது 1877ஆம் ஆண்டில் புதிதாகக் கட்டப்பட்டது. மரந்தடுக்கும் பழைய ஆணை அதற்குச் சில ஆண்டுகட்கு முன்புதான் நீங்கியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் மட்டும் கண்ட ஹினோக்கி மரத்தைக் கையாற் பயன்படுத்தும் உரிமை வந்ததும், அம்மனைக்குரியோர் அம்மரத்தாலேயே கோட்டை போன்றதோர் இல்லத்தை எழுப்பினர். நடுக்கூடத்தில் தரையைத் தோண்டி அமைத்த கணப்படுப்பு ஒன்று உள்ளது. அதில் எரியும் விறகின் புகை மேலெழுந்து உத்தரங்களையும் தூண்களையும் கருமையாக்கியுள்ளது. அப்புகையே மரத்தைப் பூச்சி அரிக்காமலும் ஈரம் தாக்காமலும் காக்கின்றது. புகை மாசு அன்று, காப்பு என்பதை அம்மக்கள் அறிந்திருந்தனர். 1880ஆம் ஆண்டில் பேரரசர் மெய்ஜி இம்மனையில் தங்கி இளைப்பாறிச் சென்றார்.

ஆயின், அவ்வில்லம் எழுந்த காலமே அவ்வூர் சாயத் தொடங்கிய காலமும் ஆகும். 1868ஆம் ஆண்டில் ஷோகுன் ஆட்சி ஒழிந்து பேரரசரின் புதிய ஆட்சி தோன்றியது. சிற்றரசர்களின் ஊர்வலங்கள் அதற்கு முன்பே குறைந்துவிட்டன. சாவடி முறையும் சில ஆண்டுகளில் நீக்கப்பட்டது. பின்னர் ஆற்றங்கரையை ஒட்டிப் புதிய சாலை அமைந்தது. 1911ஆம் ஆண்டில் கிசோப் பள்ளத்தாக்கின் வழியே இரயில் பாதை முழுதும் இணைந்தது. வண்டி நின்ற நிலையம் சுமாகோவில் இல்லை. சில கிலோமீட்டர் தொலைவில் ஆற்றோரத்தில் இருந்தது. நடந்து சென்றோர் வண்டியேறினர். குதிரைகளின் குளம்பொலி அடங்கிற்று. விடுதிகள் பலவற்றின் வாயில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இம்மாற்றத்தின் துயரத்தை இலக்கியமாக வடித்தவர் ஷிமசாகி தோசோன் என்னும் பேரெழுத்தாளர். 1872ஆம் ஆண்டில் மாகோமேயின் தலைமை விடுதியில் பிறந்தவர் அவர். அவருடைய அன்னையார் பிறந்த இல்லம் சுமாகோவின் தலைமை விடுதியே ஆகும். புதிய ஆட்சி வந்தால் காட்டின் பயன் மக்களுக்குக் கிட்டும் என்று அவருடைய தந்தையார் நம்பினார். ஆனால், புதிய அரசாங்கமோ காடுகளைத் தன் உடைமையாக்கி, மக்களை முன்னிலும் விலக்கிவைத்தது. மக்களுக்காக வாதாடிய தந்தையார், நம்பிக்கை தகர்ந்து, இறுதியில் மனநிலை திரிந்து, 1886ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய வாழ்வையே கருவாகக் கொண்டு, 'விடியற்கு முன்' என்னும் பொருளுடைய பெருநாவலைத் தோசோன் 1929 முதல் 1935 வரை எழுதி வெளியிட்டார். பெருவழி ஒன்று ஓய்ந்தபோது அதன் ஓரத்தில் வாழ்ந்தோர்க்கு நேர்ந்த அல்லலை அந்நூல் விரித்துரைக்கின்றது. 1943ஆம் ஆண்டில் மறைந்த அவர்க்கு, மாகோமே மக்கள் தம் கைகளால் உழைத்து 1947ஆம் ஆண்டில் நினைவு மண்டபம் ஒன்றை எழுப்பினர். போரில் தோற்று நாடே வறுமையில் வாடிய நாள் அது என்பதை எண்ணின், அவர்தம் அன்பின் ஆழம் புலனாகும்.

மாகோமே 1895ஆம் ஆண்டிலும் 1915ஆம் ஆண்டிலும் தீப்பற்றி எரிந்தமையால் அதன் பழைய வீடுகள் பெரும்பாலும் அழிந்தன. சுமாகோவின் வீடுகளோ நின்றன. ஆனால் அவை நின்றதற்குக் காரணம் செல்வம் அன்று, வறுமையே. இடித்துப் புதிது கட்டுதற்குப் பொருள் இல்லாமையால் பழையன எஞ்சின. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், நாடு தொழில்வளத்தில் விரைந்து முன்னேறியபோது, மலையூர்களின் இளைஞர்கள் வேலை நாடி நகரங்களுக்குச் சென்றனர். 1960ஆம் ஆண்டுகளில் சுமாகோவில் பல வீடுகள் பாழடைந்து, கூரை சரிந்து, சுவர் பெயர்ந்து நின்றன. பழைய வீட்டில் வாழ்வதை அக்காலத்தில் பெருமையாகக் கருதியவர் மிகச் சிலரே. இன்னும் சில ஆண்டுகள் அவ்வாறே கழிந்திருப்பின், ஊர் இருந்த இடத்தில் காடு மட்டுமே இருந்திருக்கும்.

அந்நிலையில்தான் ஊர்மக்கள் சிலரும் ஊராட்சி அலுவலரும் ஒன்றுகூடி ஆராய்ந்தனர். "நம்மிடம் தொழிற்சாலை இல்லை, வெந்நீர் ஊற்று இல்லை, அகன்ற வயல் இல்லை, முன்னோர் வாழ்ந்த இவ்வீடுகளே நமக்கு எஞ்சிய செல்வம்" என்னும் எண்ணம் அவர்களிடையே உருவாயிற்று. 1967ஆம் ஆண்டில் துணை விடுதிப் பெருமனை ஊர்வரலாற்றுக் காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு, மெய்ஜி ஆட்சி தோன்றிய நூறாம் ஆண்டு. அதனையொட்டி நாகானோ மாநிலம் அளித்த உதவியைக் கொண்டு, ஊரின் தென்பகுதியிலிருந்த வீடுகளைப் பழைய வடிவிலேயே செப்பனிடும் பணி தொடங்கிற்று. கட்டடக்கலை வரலாற்றறிஞர் ஓட்டா ஹிரோதாரோ அப்பணிக்கு வழிகாட்டினார். சரிந்த தூண்கள் நிமிர்த்தப்பட்டன. உளுத்த மரங்கள் மாற்றப்பட்டன. மூன்று ஆண்டுகளில் ஒரு பகுதி முழுவதும் புத்துயிர் பெற்றது. 'சுமாகோவை நேசிப்போர் சங்கம்' என்னும் அமைப்பில் ஊர்மக்கள் ஒன்றுசேர்ந்தனர்.

செப்பனிட்ட ஊரைக் காண மக்கள் திரள்திரளாக வரத் தொடங்கினர். நன்மை வந்தவழியே தீமையும் வர முயன்றது. மதிப்பிழந்து கிடந்த வீடுகளுக்குத் திடீரென மதிப்பு உயர்ந்தது. வெளியூர் வணிகர் அவற்றை விலைக்கும் வாடகைக்கும் பெற்றுக் கடைகளை நிரப்பிவிடக்கூடும் என்னும் அச்சம் எழுந்தது. ஒருவர் விற்றால் மற்றவரும் விற்பர். வீடுகள் இருக்கும், வாழ்வோர் இரார். கூடு இருக்கும், பறவை இராது. இதனை உணர்ந்த ஊர்மக்கள் 1971ஆம் ஆண்டில் தமக்குத் தாமே ஓர் உறுதிமொழியை வகுத்துக்கொண்டனர். விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம் என்பன அதன் மூன்று கூறுகள். எந்த அரசனும் இட்ட ஆணை அன்று அது. எந்தக் காவலனும் நின்று கண்காணித்ததும் அன்று. அண்டைவீட்டார் அண்டைவீட்டார்க்குக் கொடுத்த வாக்கு.

இவ்வுறுதியைச் சொல்லுதல் எளிது, காத்தல் அரிது. பணத்தேவை வந்தபோதும் மனையை விற்றல் ஆகாது. குளிர் நுழையும் மரச்சன்னலை நீக்கி, விருப்பம்போல் புதுவகைச் சன்னல் வைத்தல் ஆகாது. தெருவை நோக்கிய முகப்பில் ஒரு பலகையை மாற்றவேண்டினும் ஊராரின் கருத்தைக் கேட்டல் வேண்டும். தன் வீடு தன் உடைமையே எனினும், அவ்வீட்டின் முகம் ஊரின் உடைமை என்னும் உணர்வு இருந்தாலன்றி இத்துன்பத்தை ஒருவர் விரும்பி ஏற்றல் இயலாது. அவ்வுணர்வு சுமாகோ மக்களிடம் இருந்தது. அதே 1971ஆம் ஆண்டில், கிஃபு மாநிலத்து மலைகளிடையே உள்ள ஷிராகாவா பள்ளத்தாக்கின் ஓகிமாச்சி என்னும் ஊராரும், தங்கள் நெடிய புற்கூரை வீடுகளைக் காக்க இத்தகைய மூன்று உறுதிகளையே மேற்கொண்டனர். அவ்வூர் 1995ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது.

மக்கள் முன்னே நடக்க, அரசாங்கம் பின்னே வந்தது. தனித்தனிக் கட்டடங்களை மட்டுமன்றி, ஊர்த்தொகுதியையும் பாதுகாத்தற்கு ஏற்றவாறு ஜப்பான் அரசாங்கம் 1975ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தத்தின்படி 1976ஆம் ஆண்டில் முதன்முதலாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஊர்களுள் சுமாகோவும் ஒன்று. அங்குப் பாதுகாக்கப்பெறும் பரப்பு 1245 ஹெக்டேர் ஆகும். ஒரு தெருவுக்கு இத்துணைப் பரப்பு எதற்கு என வினவலாம். தெருவுக்குப் பின்னணியாய் நிற்கும் மலையும் காடும் பழைய வழியும் சேர்ந்ததே ஊர் என்பது அதன் கருத்து. மலையை வெட்டிவிட்டு மனையை மட்டும் காத்தல், வேரை அறுத்துவிட்டு மலரைக் காத்தல் போன்றதன்றோ? மக்கள் வழிப்போக்கராகவும் வீரராகவும் பழங்காலக் கோலம் பூண்டு செல்லும் ஊர்வலம் ஒன்று ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் இத்தெருவில் நடைபெறுகின்றது.

இத்துணைச் சிறப்பும் பெற்ற பின்னர் அவ்வூர்க்குக் கவலையே இல்லை என எண்ணுதல் தவறு. ஜப்பானின் மலையூர்கள் பலவற்றைப்போலவே இங்கும் முதியோர் மிகுதி, பிள்ளைகள் குறைவு. படித்த இளைஞர்க்கு நகரமே வேலை தருகின்றது. வீட்டை விற்கமாட்டோம் என்று உறுதிகொண்ட தலைமுறை மூப்படைந்துவிட்டது. அவ்வீட்டில் கணப்படுப்பை மூட்டி, தாழ்வாரத்தைத் துடைத்து, இரவில் விளக்கேற்றி வைக்க அடுத்த தலைமுறையில் ஒருவர் வருவாரா என்பதே இன்றைய வினா. விற்காமல் இருத்தற்கு உறுதி போதும். வாழ்தற்கோ மக்கள் வேண்டும். மரத்தூண் உளுத்தால் மாற்றிவிடலாம். மனிதர் நீங்கினால் அவ்விடத்தில் எதனை வைப்பது? இவ்வினாவுக்குரிய விடையைச் சுமாகோ மக்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றனர்.

ஆயினும், அவர்கள் இதுகாறும் செய்தது சிறிய செயல் அன்று. பழமை என்பது குப்பை என்று ஒதுக்கவேண்டுவதும் அன்று. கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டுவதும் அன்று. வாழும் வீட்டிலேயே அதனை வாழவைக்கலாம் என்பதை அச்சிற்றூர் உலகுக்குக் காட்டியுள்ளது. அதற்குப் பெருஞ்செல்வம் முதற்பொருளாக அமையவில்லை, படைவலியும் அமையவில்லை. ஒருவரை ஒருவர் நம்பிய சில நூறு மக்களின் ஒற்றுமையே முதற்பொருளாய் அமைந்தது.

மாலை வேளையில், காட்டுவழி நடந்து களைத்து வரும் பயணி, வளைந்த தெருவின் முனையில் முதல் விளக்கைக் காண்கின்றான். இருநூறு ஆண்டுகட்கு முன்னர் அவ்வழியே வந்த ஒருவன் கண்ட விளக்கும் அவ்விடத்தில்தான் எரிந்தது. இடையில் அஃது அணைந்துபோக இருந்தது. கைகள் பல கூடி மறைத்து நின்று அதனைக் காத்தன. அவ்விளக்கு இனியும் எரிதல் வேண்டும் என்பதே, அம்மலையூரைக் கண்டு மீள்வோர் ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் கொண்டுசெல்லும் விழைவாகும்.